சொந்தத் தோல் கொண்டுவரவும்

ஒரு காட்டில் (காட்டுக்குப் பெயர் உண்டு, எழுதினால் வழக்குப் போடுவார்கள்) மருக்கொழுந்து என்று ஒரு வெள்ளாடு இருந்தது. காட்டில் வெள்ளாட்டுக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். மந்தையோடு மேய வந்து, வழி தவறி, அப்படியே தங்கிவிட்ட குடும்பம்.

அந்தக் காட்டில் ஆடுகளுக்கு இருந்த தொழில்வாய்ப்பு இரண்டே இரண்டு. ஒன்று மேய்வது. இன்னொன்று யாராவது ஒருவரின் பசிக்கு ஆளாவது. முதல் வேலையில் சேர்ந்தவர்கள் சீக்கிரமே இரண்டாவது வேலைக்கு மாற்றலாகிவிடுவார்கள். மருக்கொழுந்துக்கு இரண்டிலும் மனம் ஒட்டவில்லை. அது பாவைக்கூத்து ஆட்ட ஆசைப்பட்டது.

ஆசை வந்தது குளக்கரையில். ஒரு சாயங்காலம் அங்கே தோல்பாவைக்கூத்து நடந்தது. வெள்ளைத் திரை, பின்னால் ஒரு விளக்கு, இரண்டுக்கும் நடுவில் தோலில் வெட்டிச் சாயம் பூசிய பாவைகள். ராஜா பேசினார், ராணி அழுதாள், கோமாளி உளறினான். ஒரு காட்சியில் திரைக்குள்ளிருந்து புலி ஒன்று உறுமியது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த நிஜப் புலி திடுக்கிட்டு வாலை மடிக்குள் இழுத்துக்கொண்டது. கூத்து முடிந்ததும் மருக்கொழுந்து மெல்லப் பின்பக்கம் போய் எட்டிப் பார்த்தது. ஒரே ஒரு மரநாய் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. அத்தனை குரலும் அதனுடையதுதான்.

"அண்ணே, இங்க உக்காந்து பேசினா, பேசறது யாருன்னு வெளியில தெரியாதா?"

"தெரியாது. கேக்கவும் மாட்டானுங்க" என்றது மரநாய்.

பிறந்ததிலிருந்து பார்க்கிறவர்கள் எல்லோரும் தன்னைக் குழம்பாகவே பார்த்துப் பழகிய ஒரு பிராணிக்கு இது எவ்வளவு பெரிய சேதி என்று நினைத்துப் பாருங்கள். யார் கண்ணிலும் படாமல் எல்லோர் காதிலும் விழலாம்! அன்றிலிருந்து மருக்கொழுந்து ஓடைப் பக்கம் போய்க் குரல் பழகியது. யானையாகப் பிளிறியது, நரியாக ஊளையிட்டது. ஒருநாள் சிறுத்தை மாதிரி இருமியபோது, பெற்ற தாயே மகளை விட்டுவிட்டு ஓடியது. அதைவிடப் பெரிய பாராட்டு வேண்டுமா?

இந்த நேரத்தில்தான் மரங்கொத்தி மரத்துக்கு மரம் ஓர் அறிவிப்பைக் கொத்திவைத்தது. 'வனப் பாவைக்கலைப் பயிற்சி மையம். சேர்க்கை நடைபெறுகிறது. கட்டணம் கிடையாது. தங்குமிடம், இலை தழை இலவசம். நூறு சதவீத வேலைவாய்ப்பு. சேர்பவர்கள் சொந்தத் தோல் கொண்டுவரவும்.'

மருக்கொழுந்தின் மேய்ச்சல் தோழி பூங்காவனம் ஒரு புள்ளிமான். மந்தையிலேயே படிப்பாளி. அதன் அம்மா அந்த அறிவிப்பை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "நூறு சதவீதமாம்டி! சொந்தத் தோல் மட்டும் வேணுமாம். நல்லவேளை, நம்மகிட்ட இருக்கு" என்றது. மகளை நக்கித் துடைத்து, புள்ளியெல்லாம் பளிச்சென்று தெரியும்படி அனுப்பிவைத்தது. மருக்கொழுந்தும் கூடவே கிளம்பியது.

மையத்தின் வாசலில் வரிசை பெரிதாக இருந்தது. யானையைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதன் தோலில் வெளிச்சம் ஊடுருவாதாம். ஆமை தன் ஓட்டையும் தோல் கணக்கில் சேர்க்கச் சொல்லிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தது. மருக்கொழுந்துக்கு முன்னால் நின்ற சாரைப்பாம்பு, தன் சட்டையைக் கழற்றி, பாய் மாதிரிச் சுருட்டி எடுத்து வந்திருந்தது.

"கழட்டியா கொண்டாந்திருக்கீங்க?" என்று கேட்டது மருக்கொழுந்து.

"பின்ன? தோல் கொண்டான்னா தோலைத்தானே கொண்டாரணும்?"

"எங்களுக்குக் கழட்ட வராதே."

பாம்பு திரும்பி ஆட்டை மேலும் கீழும் பார்த்தது. மானையும் பார்த்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தது. அதற்குள் அதன் முறை வந்துவிட்டது. வரிசையில் நிற்கிற எல்லோருக்கும் உள்ள குணம்தான். தன் முறை வந்ததும் பின்னால் நிற்பவரை மறந்துபோவது.

உள்ளே இயக்குநர் கழுதைப்புலி உட்கார்ந்திருந்தார். பதவி இல்லாத பிராணியை 'அது' என்றும், பதவியில் இருப்பவரை 'அவர்' என்றும் சொல்வது நம் கதைகளின் மரியாதை. நானும் பிழைக்க வேண்டும் அல்லவா?

"தோல் கொண்டுவந்தியாம்மா?" என்றார் அவர்.

"கொண்டுவந்திருக்கேன் ஐயா."

"எங்க, காணோமே?"

"போட்டுக்கிட்டே வந்துட்டேன் ஐயா."

கழுதைப்புலி சிரித்தார். சிரிப்பு அவருக்குப் பிறவிக் கோளாறு, சாவு வீட்டிலும் சிரிப்பார். அதனால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எழுந்து வந்து மருக்கொழுந்தின் முதுகைத் தடவினார். காதைப் பிடித்து வெளிச்சத்துக்கு நேராகத் திருப்பிப் பார்த்தார். "நல்ல தரம். உன்ன மாதிரி ஆளுங்கதான் இந்தக் கலைக்குத் தேவை" என்றார்.

மருக்கொழுந்துக்குக் கண் கலங்கிவிட்டது. அதுவரை எல்லோரும் அதை ருசி என்றுதான் சொல்லியிருந்தார்கள். தரம் என்று யாரும் சொன்னதில்லை.

சேர்ந்தவர்களின் கழுத்தில் ஆளுக்கொரு அடையாள அட்டை மாட்டினார்கள். அட்டை போட்ட மாணவரைப் புலியே ஆனாலும் தொடக்கூடாது என்பது வனச் சட்டம். வாசலில் படுத்திருந்த ஒரு சிறுத்தை மருக்கொழுந்தின் அட்டையை வாங்கி, இரண்டு பக்கமும் படித்துப் பார்த்து, "நல்லா படிம்மா" என்று பெருமூச்சு விட்டது. மருக்கொழுந்து வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு சிறுத்தைக்குப் பக்கத்தில் நடந்து போனது, ஓடாமல்.

படிப்பு இரண்டு பருவம். முதல் பருவம் ஏட்டுப் பாடம். அதில் தேறினால் இரண்டாம் பருவம் செய்முறை. செய்முறை என்றால் என்ன என்று கேட்ட முயலிடம், "அப்ப உனக்கே விளங்கும்" என்றார் இயக்குநர். பாடம் எடுத்தது அதே மரநாய்தான். எந்த வேஷத்துக்கு எந்தச் சாயம், விளக்கு எவ்வளவு தள்ளி இருந்தால் நிழல் எவ்வளவு வளரும், ராணி அழும்போது குச்சியை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று அது சொல்லச் சொல்ல, மருக்கொழுந்து ஆகாரத்தை மறந்து கேட்டது. சாயங்காலக் கூத்துகளுக்கு விளக்குப் பிடிக்க ஆள் வேண்டும் என்றபோது முதலில் முன்னால் போய் நின்றதும் அதுதான்.

விளக்குப் பிடிக்கப் போன இடத்தில்தான் அந்தச் சுவரைப் பார்த்தது. மேலே 'எங்கள் பெருமைக்குரிய முன்னாள் மாணவர்கள்' என்று எழுதியிருந்தது. கீழே வரிசையாகப் பாவைகள் தொங்கின.

"அந்த மந்திரிய எடு" என்றது மரநாய்.

மருக்கொழுந்து எடுத்தது. தலைப்பாகை, மீசை எல்லாம் ஜோராக வரைந்திருந்தார்கள். இடது காதுக்குக் கீழே மட்டும் சாயம் ஒட்டாமல், அரச இலை மாதிரி ஒரு வெள்ளைத் திட்டு.

"அண்ணே, இந்தத் திட்டு எங்க சின்னம்மா மகன் கொம்பையாவுக்கும் உண்டு."

"இருக்கும். போன வருசத்துப் பையன். முதல் வகுப்பு."

"அவருக்கு வேலை கெடச்சிருச்சுன்னு வீட்டுக்குச் சேதி வந்துச்சே. இப்ப எங்க இருக்காரு?"

"கையில வச்சிருக்கியேம்மா" என்றது மரநாய். "கூத்துக்கு நேரமாச்சு, விளக்கத் தூக்கு."

மருக்கொழுந்து அன்றைக்கு விளக்கைப் பிடித்ததில் ராஜா, மந்திரி, கோட்டை, கொத்தளம் எல்லாம் திரையில் நடுங்கின. ஜனங்கள் அதைப் பூகம்பக் காட்சி என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

கூத்து முடிந்ததும் அது நேரே வாசலுக்கு ஓடியது. வாசலில் சிறுத்தை. "படிப்ப விட்டுட்டுப் போறியாம்மா? அப்ப அட்டையக் கழட்டிக் குடுத்துட்டுப் போகணும்" என்று ஆசையோடு எழுந்து உட்கார்ந்தது. வெளியே போனால் இன்றைக்கே சாவு. உள்ளே தேறினால் பருவக் கடைசியில் சாவு. வாசலில் நின்றபடியே மருக்கொழுந்துக்கு ஒரு விஷயம் விளங்கியது. அந்தக் காடு முழுவதிலும் ஒரு வெள்ளாடு பத்திரமாக இருக்கக்கூடிய இடம் ஒன்றே ஒன்றுதான்: முதல் பருவத்தில் தோற்றவர்களின் பட்டியல்.

பூங்காவனத்திடம் ஓடிப்போய் எல்லாவற்றையும் சொன்னது. பூங்காவனம் அசைபோட்டபடியே பாடத்தை மனப்பாடம் செய்துகொண்டிருந்தது.

"நீ படிக்கலடீ. பரீட்சைக்குப் பயந்துக்கிட்டுக் கதை கட்டுற."

"நீயே வந்து பாரு."

பூங்காவனம் வந்தது. சுவரைப் பார்த்தது. ரொம்ப நேரம் பார்த்தது. பிறகு, "எவ்வளவு அழகா இருக்காங்க இல்ல?" என்றது.

"பூங்காவனம், அது அவங்க தோலுடீ!"

"அது முதல் வகுப்புக்காரங்களுக்கு. நான் தங்கப் பதக்கம் வாங்கப்போறேன். அதுக்கு வேற மாதிரி வச்சிருப்பாங்க" என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தைப் பிரித்துக்கொண்டது. படிப்பாளிகளிடம் இதுதான் தொல்லை. கண்ணால் பார்த்ததைக்கூடப் பாடத்திட்டத்தில் இல்லையென்றால் நம்பமாட்டார்கள்.

பரீட்சை வந்தது. மருக்கொழுந்து வெற்றுத்தாளைக் கொடுத்துவிட்டு வரலாம் என்றுதான் நினைத்திருந்தது. ஆனால் மையத்தில் ஒரு விதி இருந்தது. மாணவர் விடை எழுதாமல் விட்டால், அந்தக் கேள்வி பாடத்துக்கு வெளியிலிருந்து வந்ததாகக் கருதி முழு மதிப்பெண் கொடுத்துவிடுவார்கள். ஒன்றும் எழுதாமல் வந்த முயல் இப்படித்தான் மாநில அளவில் இரண்டாவதாக வந்து, ராஜகுமாரனின் தொப்பியாக மேடையேறியது.

ஆக, எழுதத்தான் வேண்டும். தப்பாக எழுத வேண்டும். குருட்டாம்போக்கில் எழுதினால் ஒன்றிரண்டு சரியாக விழுந்து தொலைக்கும். ஒரு விடைகூடத் தப்பித்தவறிச் சரியாகிவிடக்கூடாது என்றால், எது சரி என்று சந்தேகமில்லாமல் தெரிந்திருக்க வேண்டும். அதனால் மருக்கொழுந்து அந்த மையத்தில் யாரும் படிக்காத படிப்புப் படித்தது. மரநாயே மறந்துபோன பாடங்களைக் கேட்டு வாங்கிப் படித்தது. பிறகு உட்கார்ந்து எழுதியது. திரைக்குப் பின்னால் விளக்கு எங்கே இருக்க வேண்டும்? குளத்துக்குள். ராணி அழும்போது குச்சியை எப்படிப் பிடிக்க வேண்டும்? அழுகிறவள் கையில் குச்சியைக் கொடுக்கக்கூடாது. பாவைக்கூத்தின் பயன் யாது? சளி, இருமல் நீங்கும்.

சைபர் வாங்கியது. அடுத்த தடவையும் சைபர். அதற்கடுத்த தடவையும்.

இயக்குநர் ஆடிப்போய்விட்டார். நல்ல தரமான தோல், கண்ணெதிரே உலாவுகிறது, விதிப்படி தொட முடியவில்லை. தனி வகுப்பு வைத்தார். காதுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விடையைச் சொன்னார். கடைசியில் கேள்வித்தாளையே விடையோடு முதல்நாளே கொண்டுவந்து கொடுத்தார். மருக்கொழுந்து கைகூப்பி வாங்கிக்கொண்டது. எதையெல்லாம் எழுதக்கூடாது என்று தெரிந்துகொள்ள அது ரொம்ப உதவியாக இருந்தது.

"ஒரே ஒரு கேள்வி, கை தவறியாவது சரியா எழுதக்கூடாதாம்மா?" என்று கேட்டுச் சிரித்தார் கழுதைப்புலி. கண்ணிலிருந்து பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது.

"மண்டையில ஏற மாட்டேங்குது ஐயா" என்றது மருக்கொழுந்து.

சாரைப்பாம்பு இதற்கிடையில் தேறி, செய்முறைக்குத் தன் பழைய சட்டையைக் கொடுத்துவிட்டு, பட்டமும் வாங்கிக்கொண்டு போய்விட்டது. அதற்குக் கையும் கிடையாது, காலும் கிடையாது, ஒரு பாவையைத் தூக்க முடியாது. ஆனாலும் 'மனசு வைத்தால் யாராலும் முடியும்' என்று காடு காடாகப் போய்ச் சொற்பொழிவு ஆற்றிக்கொண்டிருக்கிறது. நல்ல கூட்டமாம்.

பூங்காவனம் முதல் தடவையிலேயே தங்கப் பதக்கத்தோடு தேறிவிட்டிருந்தது. மேளதாளத்தோடு அதைச் செய்முறை அறைக்கு அழைத்துப் போனார்கள். போகிற வழியில் மருக்கொழுந்து குறுக்கே போய் விழுந்து தடுத்தது. "பொறாமை புடிச்சவளே, தள்ளுடீ" என்றது பூங்காவனம். சில நாள் கழித்துச் சுவரின் உச்சியில் புதிதாக ஒரு மகாராணி தொங்கினாள். தலையில் கிரீடம், உடம்பெல்லாம் அந்தப் புள்ளிகள், அவற்றில் ஊசித் துளைகள், துளை வழியே வெளிச்சம். கழுத்தில் தங்கப் பதக்கத்தை அழகாக வரைந்திருந்தார்கள். வேறு மாதிரி என்பது அதுதான். மருக்கொழுந்து அந்தச் சுவரடியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதது. அழுகையில் யார் குரலும் கலக்கவில்லை, சுத்த ஆட்டுக்குரல்.

ஆண்டு விழா நெருங்கியது. தலைமை விருந்தினர் மாண்புமிகு புலியார். அந்த நேரம் பார்த்து, பக்கத்துக் காட்டில் பெரிய பதவி கிடைத்து மரநாய் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது. கூத்தை ஆட்ட ஆளில்லை. நன்றாகப் படித்தவர்கள் எல்லோரும் சுவரில் இருந்தார்கள். இயக்குநர் தானே ஆட்டிப் பார்த்தார். ராணியின் புருஷன் செத்துப்போகிற கட்டத்தில் ராணி விழுந்து விழுந்து சிரித்தாள்.

எழுத்தர் முள்ளம்பன்றி விதிமுறைகளைப் புரட்டிப் பார்த்தது. "ஐயா, பாவையாகறதுக்குத்தான் முதல் வகுப்பு வேணும்னு போட்டிருக்கு. ஆட்டுறவங்களுக்கு என்ன தகுதின்னு எங்கயும் இல்ல."

"இல்லையா?"

"இல்ல ஐயா. எதுவும் தேறாதவங்க தாராளமா ஆட்டலாம்."

இயக்குநர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். எதுவும் தேறாதது ஒன்று வெளியில் கொய்யாத்தழை தின்றுகொண்டிருந்தது.

விழா அன்று மருக்கொழுந்து திரைக்குப் பின்னால் உட்கார்ந்தது. எத்தனை நாள் கனவு! விளக்கைச் சரியான தூரத்தில் வைத்தது, திரையை இழுத்துக் கட்டியது. குச்சியில் கோத்து வரிசையாக எடுத்துவைத்த பாவைகளில் முதலாவதாகப் பூங்காவனம் இருந்தது. திரையின் ஓரத்தில் ஒரு கிழிசல். அதன் வழியே பார்த்தால் முன்வரிசையில் புலியார். அவருக்குப் பக்கத்தில், புது மாலை போட்டுக்கொண்டு, பூங்காவனத்தின் அம்மாவும் அப்பாவும். மடியில் ஒரு குட்டி, பூங்காவனத்தின் தம்பி.

கூத்து ஆரம்பித்தது. அப்படி ஒரு கூத்தை அந்தக் காடு பார்த்ததில்லை. கோமாளி பேசினால் குரங்குகள் மரத்திலிருந்து விழுந்தன. ராஜா அதட்டினால் முள்ளம்பன்றிக்கு முள் சிலிர்த்தது. புலி உறுமியபோது புலியார் எழுந்து நின்று வணக்கம் வைத்தார். மருக்கொழுந்துக்கு உடம்பெல்லாம் சந்தோஷம் பரவியது. அதற்காகத்தான் அது பிறந்திருந்தது. பொய் சொல்லி என்ன?

பிறகு மகாராணி வரவேண்டிய கட்டம். மருக்கொழுந்து பூங்காவனத்தைத் தூக்கித் திரையில் வைத்தது. ராணி அரண்மனையின் அழகை வர்ணிக்க வேண்டும் என்பது பாடம். மருக்கொழுந்து வாயைத் திறந்தது. பூங்காவனத்தின் குரல், அதே குழைவோடு, அதே அவசரத்தோடு வந்தது.

"அம்மா! நான் பூங்காவனம் பேசறேன். நான் உசுரோட இல்லம்மா. பாஸானதும் இவங்க என் தோல உரிச்சிட்டாங்க. நீ பாத்துக்கிட்டு இருக்கியே, இது வேஷம் இல்ல, நான்தான். தம்பிய இங்க சேக்காத. கூட்டிக்கிட்டு ஓடிப்போயிரும்மா!"

பூங்காவனத்தின் அம்மா மெதுவாக எழுந்து நின்றது. அதன் கண்ணிலிருந்து தாரைதாரையாக நீர் வழிந்தது. மருக்கொழுந்து கிழிசல் வழியே பார்த்து, நம்பிவிட்டது, நம்பிவிட்டது என்று குச்சியை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

"என்னமா நடிக்குது எம் பொண்ணு!" என்றது அம்மா மான்.

கைதட்டலில் குளத்துத் தண்ணீர் கரையேறியது. புலியார் மேடையேறி, இவ்வளவு தத்ரூபமான நடிப்பைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்று பேசி, மையத்துக்குப் பல்கலைக்கழக அந்தஸ்தும், இயக்குநருக்குத் துணைவேந்தர் பதவியும், மகாராணிப் பாவைக்கு ஆண்டின் சிறந்த நடிகை விருதும் அறிவித்தார். கழுதைப்புலி சிரித்தார். அன்றைக்கு எல்லோரும் கூடச் சிரித்தார்கள்.

கூட்டம் கலைந்ததும் அம்மா மான் குட்டியைக் கூட்டிக்கொண்டு திரைக்குப் பின்னால் வந்தது. மருக்கொழுந்து பாய்ந்து எழுந்தது.

"அத்தே, பேசினது நான். அத்தனையும் நெசம். பூங்காவனம் செத்துப்போச்சு அத்தே."

"சும்மா இருடி. எம் பொண்ணு கொரலு எனக்குத் தெரியாதா?" என்றது அம்மா மான். பாவையின் கிரீடத்தை மூக்கால் தடவி, "உச்சாணிக்குப் போயிட்டா. நம்ம பக்கம் திரும்பிப் பேசக்கூட நேரமில்ல, அவ்ளோ வேலை" என்று பெருமையோடு மூக்கை உறிஞ்சியது. "இவனுக்கும் இங்கயே எடம் தரேன்னு துணைவேந்தர் வாயால சொல்லிட்டாரு. தோல் அக்காவவிட மெல்லிசாம்."

மருக்கொழுந்து குனிந்து குட்டியின் காதில், "தம்பி, எல்லாத்தையும் படி, எல்லாத்தையும் தப்பா எழுது" என்றது. குட்டி விழித்தது. அம்மா மான் வெடுக்கென்று அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது.

"இந்த மாதிரி சகவாசம் உனக்கு ஆகாதுடா" என்று குட்டியிடம் சொல்லிவிட்டு, மருக்கொழுந்தின் கழுத்தில் அழுக்கேறி நைந்து கிடந்த அடையாள அட்டையை ஒரு பார்வை பார்த்தது. கோபம் இறங்கி, குரலில் நிஜமான இரக்கம் வந்தது. "நீயும் அவளும் ஒண்ணாத்தானே சேர்ந்தீங்க? அவ எங்க இருக்கா, நீ எங்க இருக்க. இன்னுமாடி முதல் பருவம்? உங்க அம்மா மனசு என்ன பாடுபடும்?"

புலி முதல் எலி வரை அத்தனை பேர் குரலும் மருக்கொழுந்தின் தொண்டையில் இருந்தது; இதற்குச் சொல்ல ஒரு குரலும் இல்லை. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது. சொன்னால் நம்பமாட்டீர்கள், அதற்கு அப்போது மெய்யாகவே வெட்கமாக இருந்தது, உயிரோடு இருப்பதற்கு.

நீதி: மேடையில் தொங்குவதற்கு முதல் வகுப்புத் தேர்ச்சி வேண்டும், மேடையை ஆட்டிவைப்பதற்கு, உடம்பில் தோல் மிச்சமிருந்தால் போதும்.